ஒரு கையெழுத்துக்காக இருபத்தைந்து இரவுகள்

அமெரிக்காவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிற தமிழ் வீடுகளில் ‘ஃபைவ் ஓ ஃபோர்’ என்ற பேச்சு அடிக்கடி வரும். வேர்க்கடலை ஒவ்வாமை, ஆஸ்துமா, வலிப்பு, கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாத ஏடிஎச்டி, வாசிப்பதில் சிரமம் என்று பிள்ளைக்கு ஏதாவது இருந்தால், “504 பிளான் போட்டாச்சா?” என்று வாட்ஸ்அப் குழுவில் யாராவது கேட்பார்கள். பிள்ளைக்குப் பள்ளி என்னென்ன வசதி செய்துதர வேண்டும் என்று எழுத்தில் போட்டுக்கொள்ளும் திட்டம் அது. ஏற்கெனவே போட்டவர்கள் என்ன எழுத வேண்டும், யாருக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பார்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது, அதற்காக யார் என்ன பாடுபட்டார்கள் என்பது மட்டும் பேச்சில் வராது. அதைத் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாள் ஆசை.

என் மகனுக்கு டைப் 1 சர்க்கரை நோய். மூன்றாம் வகுப்பில் அவன் வகுப்பு மொத்தமும் மீன் காட்சியகத்துக்குக் கிளம்பியது. சர்க்கரை பார்க்கத் தெரிந்தவர் யாரும் கூட வரவில்லை, அம்மாவோ அப்பாவோ வந்தால் இவனும் வரலாம், முடியாவிட்டால் அன்றைக்கு நூலகத்தில் உட்கார்ந்திருக்கட்டும் என்று பள்ளியில் சொன்னார்கள். கனிவாகத்தான் சொன்னார்கள். எனக்கோ அன்று லீவு எடுக்க முடியாத நிலை. கோயிலில் பழக்கமான மதுரைக்கார அக்கா ஒருவரிடம் புலம்பினேன். “எதுக்கும்மா கெஞ்சிக்கிட்டு இருக்க? 504 வேணும்னு எழுதி மெயில் போடு. நீ சலுகையா கேக்குற? சட்டத்துல இருக்குறதைத்தானே கேக்குற” என்றார். எழுதினேன். கூட்டம் போட்டார்கள். சர்க்கரை பார்க்கவும், ரொம்ப இறங்கிவிட்டால் குளுகோகான் போடவும் பள்ளியில் ஆட்களுக்குப் பயிற்சி, வெளியே கூட்டிப்போனால் அவர்களில் ஒருவர் கட்டாயம் உடன் வருவது, பரீட்சை நடுவில் சர்க்கரை இறங்கினால் அவனுக்கான நேரக் கணக்கை நிறுத்தி வைப்பது, ஜூஸ் பாக்கெட்டை மேசையிலேயே வைத்துக்கொள்வது என்று எல்லாம் எழுத்தில் வந்தது. அவன் மீன் பார்க்கப் போனான்.

அதற்கு அப்புறம்தான் இந்த எண்ணின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். கதையின் பெரும்பகுதி நடந்த இடம் நாங்கள் ரயிலில் போய்வரும் தூரத்திலேயே இருந்தது. சான் பிரான்சிஸ்கோவில் சிவிக் சென்டர் பார்ட் ரயில் நிலையத்தில் இறங்கி மேலே வந்தால், ஐக்கிய நாடுகள் சதுக்கத்தில் 50 என்ற எண்ணுள்ள பெரிய கல் கட்டிடம் தெரியும். மத்திய அரசின் கட்டிடம். 1977இல் சுகாதாரம், கல்வி, நலத்துறையின் வட்டார அலுவலகம் அதன் நான்காவது மாடியில் இருந்தது.

சட்டம் என்று பார்த்தால் அது ஒரே ஒரு வாக்கியம்தான். 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தில் 504ஆவது பிரிவு. அமெரிக்காவில் உள்ள, தகுதியுடைய எந்த மாற்றுத்திறனாளியையும், அவருடைய குறைபாட்டை மட்டும் காரணமாக வைத்து, மத்திய அரசின் பணம் பெறும் எந்தத் திட்டத்திலிருந்தும் ஒதுக்கக்கூடாது, அதன் பயனை மறுக்கக்கூடாது, அவரிடம் பாகுபாடு காட்டக்கூடாது. இவ்வளவுதான். இன ஒதுக்கலுக்கு எதிராக 1964இல் வந்த சிவில் உரிமைச் சட்டத்தில் இதே போன்ற வாசகம் உண்டு. அதைப் பார்த்து எழுதி, வேலைப் பயிற்சி பற்றிய ஒரு மசோதாவின் கடைசியில் செனட் அலுவலர்கள் சேர்த்துவிட்டார்கள். அதைப் பற்றி அவையில் விவாதம் என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. செலவு அதிகம் என்று மசோதாவின் முந்தைய வடிவங்களை இரண்டு முறை திருப்பியனுப்பிய அதிபர் நிக்சன், 1973 செப்டம்பர் 26 அன்று கையெழுத்துப் போட்டார்.

மத்திய அரசின் பணம் எங்கெல்லாம் போகிறது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளிகள், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள், நூலகங்கள், ஊர்ப் பேருந்துகள். இத்தனை இடங்களையும் தொடுகிற வாக்கியம் என்பது அதை நடைமுறைப்படுத்த உட்கார்ந்தபோதுதான் அதிகாரிகளுக்கு உறைத்தது. சட்டம் வந்தால் போதாது, சுகாதாரம், கல்வி, நலத்துறை அதற்கு விதிமுறை எழுத வேண்டும், அமைச்சர் அதில் கையெழுத்திட வேண்டும். எது பாகுபாடு, படிக்கட்டை என்ன செய்வது, எத்தனை நாளில் செய்வது என்பதெல்லாம் விதிமுறையில்தான் வரும். அது இல்லாதவரை நீதிமன்றத்துக்குப் போனாலும் கையில் பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. பல்கலைக்கழகங்களும் மருத்துவமனைகளும் செலவைக் காட்டி முறையிட்டன. நிக்சன் போய் ஃபோர்டு வந்தார். அவருடைய அமைச்சர் டேவிட் மேத்யூஸ் கையெழுத்துப் போடவில்லை. விதிமுறையை வெளியிடு என்று 1976இல் நீதிமன்றம் சொன்ன பிறகும் இழுத்தடித்து, ஆட்சி மாறியதும் போய்விட்டார். 1977 ஜனவரியில் கார்ட்டர் வந்தார். இந்தக் கையெழுத்தைப் போடுவேன் என்று தேர்தலில் வாக்குக் கொடுத்தவர். அவருடைய அமைச்சர் ஜோசஃப் கலிஃபானோ, எல்லாவற்றையும் புதிதாகப் படித்துப் பார்க்க வேண்டும் என்றார். படித்துப் பார்ப்பது என்ற பெயரில் விதிகளைத் தளர்த்தப் போகிறார்கள் என்ற செய்தி கசிந்தது. நாலு வருஷம் இப்படியே ஓடிவிட்டது.

இதற்கு மேல் பொறுக்க மாட்டோம் என்று சொன்னவர்களில் ஒருவர் ஜூடித் ஹியூமன். நியூயார்க்கின் புரூக்ளினில் வளர்ந்தவர். ஒன்றரை வயதில் போலியோ. ஐந்து வயதில் அம்மா பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனபோது, தீப்பிடித்தால் இந்தச் சக்கர நாற்காலி ஆபத்து என்று தலைமையாசிரியர் திருப்பி அனுப்பினார். வளர்ந்து ஆசிரியர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, எழுத்துத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் தேறியவரை மருத்துவப் பரிசோதனையில் தோற்கடித்தார்கள். நடக்க முடியாதாம், பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்வாராம். 1970இல் வழக்குப் போட்டார். வழக்கு போய்ச் சேர்ந்தது கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி என்ற நீதிபதியிடம், அமெரிக்க மத்திய நீதிமன்றத்தின் முதல் கறுப்பினப் பெண் நீதிபதி அவர். மறுபடியும் யோசித்துப் பாருங்கள் என்று அவர் கல்வி வாரியத்திடம் சொன்னார். வாரியம் இறங்கி வந்தது, ஜூடி ஆசிரியரானார். அப்புறம் கலிஃபோர்னியாவின் பெர்க்லிக்கு வந்தார்.

அவரை அங்கே அழைத்தவர் எட் ராபர்ட்ஸ். பதினான்கு வயதில் போலியோ வந்து, கழுத்துக்குக் கீழே அசைவு போய், மூச்சுக்கு இரும்பு நுரையீரல் எந்திரத்தை நம்பியிருந்தவர். 1962இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சேர்ந்தபோது, அந்த எந்திரத்தை வைக்க விடுதியில் இடமில்லாமல், வளாக மருத்துவமனையின் ஒரு பகுதியில் தங்கிப் படித்தார். இவருக்கு வேலைக்குப் போகும் வாய்ப்பே கிடையாது என்று கோப்பில் எழுதியது மாநில மறுவாழ்வுத் துறை. 1975இல் அதே துறைக்கு அவர் இயக்குநர் ஆனார். பெர்க்லியில் அவர்கள் கட்டியிருந்த சுதந்திர வாழ்வு மையத்தில், உதவியாளர் ஏற்பாட்டிலிருந்து சக்கர நாற்காலி பழுதுபார்ப்பு வரை எல்லாவற்றையும் மாற்றுத்திறனாளிகளே நடத்தினார்கள். உடம்பைச் சரிசெய்துகொண்டு வா, அப்புறம் சேர்த்துக்கொள்கிறோம் என்பதுதான் அதுவரை எல்லாரும் சொன்னது. படியை மாற்று, பஸ்ஸை மாற்று என்று இவர்கள் திருப்பிச் சொன்னார்கள்.

காது கேளாதவரான ஃபிராங்க் போவ் தலைமையில் இருந்த மாற்றுத்திறனாளிகளின் தேசியக் கூட்டமைப்பு கெடு விதித்தது: ஏப்ரல் 4க்குள் கையெழுத்து, இல்லையென்றால் மறுநாள் துறையின் அலுவலகங்களில் போராட்டம். கையெழுத்து வரவில்லை. ஏப்ரல் 5 அன்று வாஷிங்டனிலும் நியூயார்க், டென்வர் என்று பல ஊர்களிலும் போராட்டம் நடந்தது. வாஷிங்டனில் உள்ளே போய் உட்கார்ந்தவர்களுக்கு உணவு கொண்டுபோக விடவில்லை. மறுநாளே அவர்கள் வெளியேற வேண்டியதாயிற்று. மற்ற ஊர்களிலும் சீக்கிரம் முடிந்துவிட்டது.

சான் பிரான்சிஸ்கோவில் முடியவில்லை. அதற்குக் காரணம் கிட்டி கோன் என்ற பெண்ணின் முன்யோசனை. தசைச் சிதைவு நோய் உள்ளவர். சிவில் உரிமை, போர் எதிர்ப்பு இயக்கங்களில் வேலை செய்து பழகியவர். போராட்டத்துக்கு முன்பே உணவுக்கு, மருத்துவத்துக்கு, பத்திரிகைக்கு, வெளி ஆதரவுக்கு என்று தனித்தனிக் குழு அமைத்துவிட்டார். அன்று காலை சதுக்கத்தில் பேச்சுகள் முடிந்ததும் ஊர்வலமாக உள்ளே போனார்கள். வட்டார இயக்குநர் ஜோசஃப் மல்டொனாடோவிடம், விதிமுறை என்ன ஆயிற்று என்று ஜூடி கேட்டார். 504 என்றால் என்ன என்றே அவருக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் அலுவலகத்தின் வேலையே அதுதான். நாங்கள் இங்கேயே இருக்கிறோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். பெரும்பாலானவர்களிடம் மாற்றுத் துணிகூட இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அன்று இரவு அங்கேயே தங்கினார்கள்.

தங்கினார்கள் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிட்டேன். அதில் என்னென்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கழுத்துக்குக் கீழே உணர்வில்லாதவரை ராத்திரியில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வந்து உயிருக்கே உலை வைக்கும். சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக மாற்ற வேண்டும், இல்லையென்றால் தொற்று. வீட்டில் இதற்கெல்லாம் பழகிய உதவியாளர் இருப்பார். இங்கே பலருக்கு அவர் கிடையாது, தரைதான் படுக்கை. யாருக்கு என்ன தேவை என்பதை முன்பின் தெரியாதவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னார்கள். தனக்கே உதவி தேவைப்படுகிறவர் இன்னொருவருக்கு உதவியாளர் ஆனார். கட்டிடத்தில் வெந்நீரை நிறுத்தினார்கள், தொலைபேசியைத் துண்டித்தார்கள். குளிர்ச்சியில் வைக்க வேண்டிய மருந்துகளுக்கு ஃப்ரிட்ஜ் இல்லை. ஏர் கண்டிஷனர் மேல் ஒரு பெட்டியை டேப் போட்டு ஒட்டி, அதற்குள் மருந்துகளை வைத்தார்கள். இன்சுலின் குப்பியை வைத்துக்கொண்டு, கரண்ட் போனால் என்ன செய்வது என்று பதறிய வீட்டிலிருந்து இதைப் படிக்கிறேன். அந்தப் பெட்டியின் படம் எங்காவது கிடைக்குமா என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

தொலைபேசி போனதும் வெளியே சேதி சொன்னவர்கள் காது கேளாதவர்கள். நான்காவது மாடி ஜன்னலில் நின்று அவர்கள் சைகை மொழியில் பேச, கீழே சதுக்கத்தில் நின்ற மொழிபெயர்ப்பாளர்கள் அதைக் குரலாக மாற்றி ஆதரவாளர்களுக்குச் சொன்னார்கள். கண்ணாடி மூடியிருந்தாலும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

முடிவுகள் எல்லாவற்றையும் பொதுக்கூட்டம் போட்டே எடுத்தார்கள். கூட்டம் மணிக்கணக்கில் போகும், நள்ளிரவைத் தாண்டும். சைகை மொழிபெயர்ப்பாளர் வந்து நிற்காமல் பேச்சைத் தொடங்குவதில்லை. மூளை முடக்குவாதத்தால் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் எடுப்பவர் பேசினால், அவர் முடிக்கும்வரை அத்தனை பேரும் காத்திருந்தார்கள். அங்கே இருந்தவர்கள் பின்னாளில் கொடுத்த நீண்ட பேட்டிகளை பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பான்கிராஃப்ட் நூலகம் பதிவுசெய்து வைத்திருக்கிறது. படித்துப் பாருங்கள். வாழ்க்கையில் முதன்முதலாக யாரும் அவசரப்படுத்தாத இடத்தில் இருந்தோம் என்ற நிம்மதி அந்தக் குரல்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

சரி, இத்தனை பேர் சாப்பாட்டுக்கு என்ன செய்தார்கள்? இந்தப் போராட்டத்தில் எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது இதுதான். வாஷிங்டனில் பட்டினி போட்டே போராட்டத்தை முடித்தார்கள். இங்கே அது நடக்கவில்லை. உள்ளே பிராட் லோமாக்ஸ் என்ற கறுப்பின இளைஞர் இருந்தார். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கறுஞ்சிறுத்தைகள் (பிளாக் பேந்தர்) கட்சிக்காரர். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். ஓக்லாண்டில் பஸ் ஏற வேண்டுமென்றால் கூடப்பிறந்தவர் அவரைத் தூக்கிக்கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டு, திரும்ப இறங்கி வந்து நாற்காலியைத் தூக்கிப்போக வேண்டும். கறுப்பின மாற்றுத்திறனாளிகளுக்குக் கிழக்கு ஓக்லாண்டிலும் ஒரு சுதந்திர வாழ்வு மையம் வேண்டும் என்று 1975இலேயே எட் ராபர்ட்ஸைப் போய்ப் பார்த்தவர் அவர். அவரும், அவருக்கு உதவியாளராக இருந்த இன்னொரு கட்சிக்காரர் சக் ஜாக்சனும் உள்ளே தங்கிவிட்டார்கள். ஜாக்சன் லோமாக்ஸை மட்டும் பார்த்துக்கொள்ளவில்லை, உதவி கேட்ட மற்றவர்களையும் பார்த்துக்கொண்டார்.

இவர்கள் உள்ளே இருப்பது தெரிந்ததும் கட்சி சாப்பாடு கொண்டுவந்தது. லோமாக்ஸுக்கும் ஜாக்சனுக்கும் மட்டும் அல்ல, உள்ளே இருந்த அத்தனை பேருக்கும், தினமும் ஒரு வேளை சூடான சாப்பாடு. வளைகுடாவின் அந்தக் கரையில், ஓக்லாண்டில் சமைத்து, பாலம் தாண்டிக் கொண்டுவர வேண்டும். வாசலில் காவலர்கள் தடுத்துப் பார்த்தார்கள், இவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவு போட்டுப் பழகிய கட்சி அது. உலகத்தை மேம்படுத்தப் பார்க்கிற யாரும் எங்களுக்கு வேண்டியவர்களே என்ற எண்ணத்தில் அவர்கள் வந்ததாக, உள்ளே இருந்தவர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள். உள்ளே இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். வரலாறு எழுதுகிறவர்கள் ஜூடியையும் எட்டையும் சொல்கிற அளவுக்கு இந்தச் சமையல்காரர்களைச் சொல்வதில்லை. அவர்கள் வராமல் இருந்திருந்தால் முதல் வாரத்திலேயே எல்லாம் முடிந்திருக்கும் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மற்றவர்களும் வந்தார்கள். போதையிலிருந்தும் சிறையிலிருந்தும் மீண்டவர்கள் நடத்திய டெலான்சி ஸ்ட்ரீட் அமைப்பு காலை உணவு கொடுத்தது. கிளைடு தேவாலயம் வந்தது. தன்பாலின ஆண்களின் பட்டர்ஃபிளை பிரிகேட் குழு வாக்கி டாக்கிகளை யாருக்கும் தெரியாமல் உள்ளே சேர்த்தது. மேயர் ஜார்ஜ் மாஸ்கோனி மெத்தைகளையும், குளிக்கக் குழாயில் மாட்டும் ஹோஸ்களையும் கொண்டுவந்தார். கிட்டி கோன் போன்றவர்கள் பல வருஷமாக மற்றவர்களின் ஊர்வலத்திலும் மறியலிலும் போய் நின்ற பழக்கம் இந்த நேரத்தில் கைகொடுத்தது.

ஏப்ரல் 15 அன்று காங்கிரஸ் உறுப்பினர்கள் ஃபிலிப் பர்ட்டனும் ஜார்ஜ் மில்லரும் அந்தக் கட்டிடத்திலேயே விசாரணைக் கூட்டம் நடத்தினார்கள். கலிஃபானோ தான் வராமல் ஜீன் ஐடன்பெர்க் என்ற அதிகாரியை அனுப்பினார். பரிசீலனையில் இருக்கும் மாற்றங்களை அவர் சொல்லும்போது, மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுக்குத் ‘தனியாக, ஆனால் சமமாக’ என்ற ஏற்பாடும் வந்தது. கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் அடைக்கப் பயன்பட்ட அதே வாசகம். 1954இல் உச்ச நீதிமன்றம் பள்ளிக்கூடத்திலிருந்து விரட்டிய வாசகம். கூட்டம் கொதித்துவிட்டது. நடுவில் ஐடன்பெர்க் எழுந்துபோய் ஓர் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டார். பர்ட்டன் பின்னாலேயே ஓடி, கதவை உதைத்து வெளியே வர வைத்தார். ஜூடி பேசியது படமாகவே இருக்கிறது. இனி எங்களை ஒடுக்க விடமாட்டோம், தனியாக வைப்பதைப் பற்றிய பேச்சையே கேட்க மாட்டோம் என்று சொல்லிக்கொண்டு வருகிறார், குரல் உடைகிறது. ஐடன்பெர்க் தலையை ஆட்டிக்கொண்டே கேட்கிறார். நாங்கள் சொல்வது உங்களுக்குப் புரிந்ததாகத் தெரியவில்லை, தயவுசெய்து ஆமோதிப்பது போலத் தலையாட்டுவதை நிறுத்துங்கள் என்கிறார் ஜூடி. பர்ட்டன் அழுதுவிட்டார்.

அந்தத் தலையாட்டல் எனக்குத் தெரியும். பிள்ளையைப் பற்றிப் பேசப் போகும் ஒவ்வொரு அறையிலும் அது இருக்கிறது. பரிதாபமாகக் கேட்பார்கள், கையைத் தொட்டு ஆறுதல் சொல்வார்கள், பேச்சு முடிந்ததும் ஒன்றும் மாறியிருக்காது. பரிதாபப்படுகிறவருக்கு எப்போது வேண்டுமானாலும் அலுத்துப்போகும். அலுத்துப்போனாலும் செய்தே ஆக வேண்டும் என்று ஒரு காகிதம் இருக்க வேண்டும். அந்தக் காகிதத்துக்காகத்தான் அவர்கள் தரையில் படுத்தார்கள்.

கூட்டத்துக்குப் பிறகு ஒரு சிறு குழு வாஷிங்டன் போனது, லோமாக்ஸும் ஜாக்சனும் உட்பட. அவர்கள் இருவரின் பயணச் செலவைக் கட்சி ஏற்றது. விமான நிலையத்தில் இத்தனை சக்கர நாற்காலிகளை ஏற்றும் பஸ் எதுவும் அந்தத் தலைநகரில் இல்லை. இயந்திரத் தொழிலாளர் சங்கம் சாமான் ஏற்றும் மூடிய லாரி ஒன்றை ஏற்பாடு செய்தது. ஜன்னல் இல்லாத அந்த இருட்டுப் பெட்டிக்குள் ஒருவர் நாற்காலியை ஒருவர் பிடித்துக்கொண்டு ஊரைச் சுற்றினார்கள். கலிஃபானோவின் வீட்டு வாசலில் மெழுகுவர்த்தி ஏந்தி நின்றார்கள்.

ஏப்ரல் 28 அன்று கலிஃபானோ கையெழுத்துப் போட்டார். போராடியவர்கள் பயந்த மாற்றங்கள் இல்லாமல் விதிமுறை வந்தது. செய்தி கிடைத்த உடனே சான் பிரான்சிஸ்கோக்காரர்கள் எழுந்து வந்துவிடவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத் திருப்திப்பட்ட பிறகு, 30ஆம் தேதி பாடிக்கொண்டே வெளியே வந்தார்கள். புதிதாகக் கட்டும் கட்டிடங்கள் எல்லாரும் புழங்கும்படி இருக்க வேண்டும், பழைய கட்டிடங்களில் கட்டுமான மாற்றத்துக்கு மூன்று வருஷக் கெடு, எந்தப் பிள்ளையையும் இலவசக் கல்வியிலிருந்து ஒதுக்கக்கூடாது, வேலைக்கு எடுப்பவர் நியாயமான வசதி செய்துதர வேண்டும். எங்கள் வீட்டுக் கோப்பில் இருக்கும் பள்ளிக் காகிதம் அந்தக் கையெழுத்திலிருந்து பிறந்தது.

எல்லாம் அத்தோடு சரியாகிவிட்டதா என்றால், இல்லை. மத்திய அரசின் பணம் பெறாத தனியார் கடை, தனியார் வேலை எதையும் 504 தொடாது. 1990 ஜூலை 26 அன்று அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் வந்த பிறகுதான் அவை உள்ளே வந்தன. பஸ்களில் சக்கர நாற்காலி ஏற்றும் கருவி வேண்டும் என்ற விதியைப் போக்குவரத்து நிறுவனங்களின் சங்கம் எதிர்த்து வழக்குப் போட்டு, 1981இல் தள்ள வைத்தது. அதற்கு முன்பே, 1978 ஜூலையில், டென்வரில் சக்கர நாற்காலிக்காரர்கள் பஸ்களுக்கு முன்னால் போய் நின்று ராத்திரி முழுக்க மறித்தார்கள். ரேகன் காலத்தில் 504 விதிகளையே தளர்த்தப் பார்த்தார்கள். மாற்றுத்திறனாளிகளும் பெற்றோர்களும் மலை மலையாகக் கடிதம் எழுதி 1983இல் அதைக் கைவிட வைத்தார்கள். லோமாக்ஸ் 1984இல் போய்விட்டார், 1990ஐப் பார்க்கவில்லை. எட் 1995இல், கிட்டி 2015இல், ஜூடி 2023 மார்ச்சில்.

பெர்க்லியில் ஆஷ்பி பார்ட் நிலையத்தை ஒட்டி எட் ராபர்ட்ஸ் பெயரில் ஒரு வளாகம் இருக்கிறது, 2010இல் திறந்தது. உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் சிவப்பு நிறத்தில் ஒரு சாய்தளம் சுருள் சுருளாக மாடிக்கு ஏறுகிறது. லிஃப்டில் காலாலும் அழுத்தும்படி கீழே பெரிய பொத்தான். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியார், முட்டிவலியால் எங்கே போனாலும் “நான் கீழேயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்கிறவர், அங்கே யாரையும் கேட்காமல் மேலே போய் எங்களைக் கைகாட்டிக் கூப்பிட்டார். இடம் சரியாக இருந்தால் உதவி கேட்கவே தேவையில்லை என்பதை அவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2024 மே மாதம் 504இன் விதிமுறைகளைச் சுகாதாரத் துறை புதுப்பித்தது. செப்டம்பரில் டெக்சாஸ் தலைமையில் 17 மாநிலங்கள் அதை எதிர்த்து வழக்குப் போட்டன. மனுவில் ஒரு பத்தி, 504 பிரிவே அரசியல் சட்டத்துக்கு முரண் என்று அறிவிக்கச் சொன்னது. அதைப் படித்துவிட்டு அந்த மாநிலங்களின் பெற்றோர்கள் அரசு வழக்கறிஞர் அலுவலகங்களைத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் விடாமல் கேட்டார்கள். பிரிவையே ஒட்டுமொத்தமாக ரத்து செய்யச் சொல்லவில்லை என்று மாநிலங்கள் 2025 தொடக்கத்தில் நீதிமன்றத்தில் தெரிவித்தன. ஆனால் அப்போது வழக்கைத் திரும்பப் பெறவில்லை. டெக்சாஸில் நம் ஆட்கள் எவ்வளவு பேர் இருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அங்கே இருக்கிற நம் பெற்றோர்களும் அரசு வழக்கறிஞர் அலுவலகத்துக்கு ஃபோன் போட வேண்டும்.

கடைசியாக, எச்1பி விசாவில் இருக்கும் பெற்றோர்கள் குழுவில் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது: நாம் இந்த நாட்டுக்காரர் இல்லையே, 504 கேட்கலாமா? சட்ட வாசகத்தை மேலே சொல்லியிருக்கிறேன், திரும்பிப் பாருங்கள். அதில் குடிமகன் என்ற பேச்சே கிடையாது, அமெரிக்காவில் உள்ளவர் என்றுதான் இருக்கிறது. கோரிக்கையை வாய்வார்த்தையாகச் சொல்லாமல் தேதி போட்டு எழுத்தில் கொடுங்கள். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கல்வி மாவட்டம் 504க்கு என்று ஒரு பொறுப்பாளரை வைத்திருக்க வேண்டும், அவர் பெயரைக் கேட்டு வாங்குங்கள். மருத்துவர் கடிதத்தை இணையுங்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால் கூட்டத்துக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அதே மெயிலில் எழுதுங்கள். தமிழுக்கும் கேட்கலாம்.